வண்டி மையும் நைன்ட்டி ஆயிலும்

போன ஞாயித்துக்கிழமை காலையில பிக்கப்புக்கு அடியில சாக்கை விரிச்சுப் படுத்திருந்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த தங்கச்சி மகன் குனிஞ்சு பார்த்து, "என்ன மாமா, போன மாசம்தானே சர்வீஸ் விட்டீங்க?"ன்னு கேட்டான்.

"அது இன்ஜின் ஆயில்டா. இது கிரவுன் ஆயில்."

"அப்படின்னா?"

ஆறு வருஷமா கார் வெச்சிருக்கிற பையன். அவன் மேல தப்பு சொல்ல முடியாது. இப்ப டவுன்ல ஓடுற சின்னக் கார் முக்கால்வாசிக்கும் முன்சக்கரம்தான் இழுக்குது. டிபரன்ஷியல் கியர் பாக்ஸுக்குள்ளயே அடங்கிடுது, பெரும்பாலும் ரெண்டுக்கும் ஒரே ஆயில். எங்க வண்டிங்க அப்படி இல்ல. ஒரு லாரிக்கோ பிக்கப்புக்கோ பின்னாடி போனா அச்சுக்கு நடுவுல பூசணிக்காய் மாதிரி ஒரு உருண்டை தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. அதைத்தான் மெக்கானிக்குங்க ஹவுசிங்குன்னும் கிரவுன்னும் சொல்லுறாங்க. அதுக்குன்னு தனியா ஆயில் இருக்கு, அதையும் மாத்தணும். எனக்கே அது ஒரு லோடு மரவள்ளிக் கிழங்கைப் பறிகொடுத்த பிறகுதான் புத்தியில ஏறுச்சு. அந்தக் கதைக்கு முன்னாடி எங்கப்பாவோட மாட்டு வண்டியைச் சொல்லணும்.

எங்க ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம், கல்வராயன் மலை அடிவாரம். நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க வீட்டுல மரச்சக்கர வண்டி. இருசு இரும்பு, குடம் மரம். குடத்துக்குள்ள இரும்புப் பூண். வண்டிக்கு அடியில ஒரு மூங்கில் குழாய் எப்பவும் தொங்கும், அதுல வண்டி மை. மை கடையில வாங்கினதில்ல. வைக்கோலை எரிச்சு, அந்தக் கரியைச் சலிச்சு, விளக்கெண்ணெய் ஊத்திக் குழைச்சா மை. எண்ணெயும் கடை எண்ணெய் இல்ல, கொல்லை வரப்புல நின்ன ஆமணக்கு. அம்மா முத்தை வறுத்து இடிச்சுக் காய்ச்சுவாங்க. முதல்ல எடுக்கிற தெளிவு எங்க தலைக்கும் வயித்துக்கும், அடியில நிக்கிற மண்டி வண்டிக்கு.

ஒவ்வொரு சந்தைக்கும் முன்னாடி ராத்திரி மை போடுற வேலை நடக்கும். கடையாணியைப் பிடுங்கி, ஒரு கட்டையால வண்டியை நெம்பி முட்டுக் குடுத்து, சக்கரத்தை ஒரு சாண் வெளியே இழுத்து, இருசைத் துடைச்சு மை தடவணும். நெம்புறது அப்பா, தடவுறது நான். அந்தக் கருப்பு ரெண்டு நாளைக்குப் போகாது, பள்ளிக்கூடத்துல வாத்தியார் கையை நீட்டச் சொன்னா பயமா இருக்கும். ஒரு நாள் மறந்துட்டாலும் பாதி வழியில சக்கரம் கிறீச்னு கத்த ஆரம்பிச்சிடும். "வண்டி அழுவுதுடா, எறங்கு"ம்பாரு அப்பா. ராத்திரியில அந்தச் சத்தத்தை வெச்சே எங்க தெருவுல யாரு வண்டி வருதுன்னு சொல்லிடலாம்.

அந்த வண்டிக்கு டிபரன்ஷியல் கிடையாது, தேவையும் இல்ல. இருசு சுத்தாது, சக்கரம் மட்டும்தான் சுத்தும். ரெண்டு சக்கரமும் தன்பாட்டுக்குத் தனித்தனியா சுத்தும். மாட்டை வலப்பக்கம் ஒடிச்சா இடது சக்கரம் அதிகமா சுத்திக்கும், வலது சக்கரம் கம்மியா சுத்தும், இல்லன்னா நின்ன இடத்துலயே நிக்கும். மாடு இழுக்குது, சக்கரம் பின்னாலேயே போவுது, அவ்வளவுதான். கோயில் தேர்லகூட ஆளுங்கதான் வடம் பிடிச்சு இழுக்கிறாங்க, திருப்பத்துல முட்டுக்கட்டை போடுறவரு ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் தடுத்துத் தேரைத் திருப்புவாரு. அவரு கட்டையைப் போடுற நேரத்தைப் பார்த்திருக்கீங்களா? அதுவும் ஒரு டிபரன்ஷியல்தான், மனுஷக் கையால.

சக்கரத்தையே இன்ஜினால சுத்த ஆரம்பிச்சப்பத்தான் சிக்கல் வந்துச்சு. ரெண்டு சக்கரத்தையும் ஒரே அச்சுல இறுக்கிச் சுத்தினா ரெண்டும் ஒரே அளவுதான் சுத்தும், வளைவுல ஒண்ணு தேய்ச்சுக்கிட்டுப் போகும். ஒரு சின்னக் கணக்கு சொல்லுறேன். ரெண்டு பின்சக்கரத்துக்கும் நடுவுல நாலரை அடின்னு வெச்சுக்குங்க. வண்டி ஒரு ஊசி வளைவுல அரை வட்டம் திரும்பினா, வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 14 அடி கூட ஓடணும். வளைவு பெரிசா சின்னதாங்கிறதைப் பொறுத்து இது மாறாது, வேணும்னா பேப்பர்ல போட்டுப் பாருங்க. அந்த 14 அடியை யாராவது பங்கு பிரிச்சுக் குடுக்கணும்.

அதைப் பிரிச்சுக் குடுத்தவரு பெக்கர்னு ஒரு பிரெஞ்சுக்காரரு. கடிகாரம் செய்யுறவரு. 1827ல நீராவி வண்டிக்காக இந்தப் பல்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினாரு. ரோட்டுல வண்டியே பெரிசா ஓடாத காலம் அது. அப்புறம் 1877ல இங்கிலாந்துல ஜேம்ஸ் ஸ்டார்லி, மூணு சக்கர சைக்கிளுக்கு இதே வித்தையைப் போட்டாரு. அவரும் அவரு மகனும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து மிதிச்சப்ப, மகன் பலமா மிதிக்க வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போய்ச் செடிக்குள்ள சாய்ஞ்சதாம், அதுல வந்த யோசனைன்னு ஒரு கதை சொல்லுவாங்க. ரெண்டு மாட்டுல ஒண்ணு பலமா இழுத்தா என்ன ஆகும்னு எங்க ஊர்ல யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க. 1886ல காப்புரிமை வாங்கின பென்ஸ் கார்லயும் டிபரன்ஷியல் இருந்துச்சு.

இதுவரைக்கும் வந்தது பல்லு. இனிமே எண்ணெய்.

முதல்ல வந்த கார்கள்ல கிரவுன் சக்கரத்துக்கு நேர் நடுவுல பினியன் பல் வந்து சேரும். 1920களின் நடுவுல அமெரிக்காவுல கிளீசன்ங்கிற கியர் மெஷின் கம்பெனி, பினியனை நடுவுக்குக் கீழே இறக்கி வெச்சு ஒரு புது அமைப்பு கொண்டுவந்துச்சு. ஹைப்பாய்டுன்னு பேரு. பேக்கார்டு கார்கள்ல போட்டாங்க. பினியன் கீழே இறங்கினதால சாப்டும் கீழே இறங்குச்சு, காரைத் தாழ்வா கட்ட முடிஞ்சுது, பல்லும் பெரிசாச்சு, சத்தமும் குறைஞ்சுது. ஆனா ஒரு வினை. பழைய அமைப்புல பல்லு மேல பல்லு உருளும். இதுல உருளுறதோட சேர்ந்து வழுக்கி இழுக்கவும் செய்யும், அதுவும் முழு லோடு அழுத்தத்துல. அம்மியில குழவி மாதிரி. சாதாரண எண்ணெயா இருந்தா பிதுங்கி வெளியே போயிடும், இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்ச்சுக்கும்.

அதனால எண்ணெய்க்குள்ள மருந்து கலக்க வேண்டியதாச்சு. கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த சரக்கு. பல்லு அழுத்தத்துல சூடாகிற இடத்துல இது இரும்போட சேர்ந்து ஒரு மெல்லிய தோல் மாதிரி படியும். தேயுறது அந்தத் தோல், பல்லு இல்ல. கிரவுன் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற அந்த நாத்தம் கந்தக நாத்தம்தான். ஒரு காலத்துல இந்த வேலைக்குத் திமிங்கில எண்ணெயைக் கந்தகத்தோட காய்ச்சிச் சேர்த்தாங்க. ஸ்பெர்ம் திமிங்கிலம்னு ஒரு வகை, அதோட தலையில இருக்கிற எண்ணெய். அந்த இனம் அழியுதுன்னு 1970களின் தொடக்கத்துல அமெரிக்கா நிறுத்துச்சு. எங்கயோ கடல்ல போற மீனைப் (மீன் இல்ல, பாலூட்டின்னு என் மகள் திருத்துறா) பிடிச்சு லாரி அச்சுக்குள்ள ஊத்தியிருக்காங்க. படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இன்னொண்ணு படிச்சப்ப சந்தோஷமா இருந்துச்சு. காஸ்ட்ரால்னு ஒரு ஆயில் பேரு எல்லாருக்கும் தெரியும். 1909ல வேக்பீல்டுங்கிறவரோட கம்பெனி அந்தப் பேரை வெச்சது, அதுல விளக்கெண்ணெய் கலந்திருந்ததால. ஆமணக்குக்கு இங்கிலீஷ்ல காஸ்டர். முதல் உலகப்போர்ல பறந்த விமானங்கள் பலதுலயும் இன்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான். இரும்பை விடாம ஒட்டிக்கிற குணம் அதுக்கு உண்டு. அம்மா ஒதுக்கி வெச்ச மண்டியும் அப்பா தடவின மையும் ஒண்ணும் கிராமத்து அறியாமை இல்ல.

இப்ப மலைக்கு வருவோம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டு, சில இடம் 3,000 அடிக்கும் மேல. மேல இருக்கிறவங்க மலையாளி பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தமில்ல, மலையை ஆளுறவங்கங்கிற அர்த்தத்துல மலையாளி. காஞ்சிபுரத்துலிருந்து வந்தவங்கன்னு அவங்க வாய்வழிக் கதை. 1976 வரைக்கும் இந்த மலை மூணு ஜாகீர்தாருங்க கையில இருந்துச்சு. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழிச்சுத்தான் அரசாங்கம் மலையை முழுசா எடுத்துச்சு. எங்கப்பா வண்டி அடிவாரத்தோட நின்னுடும். கடுக்காய், புளி, சாமை எல்லாம் மேலிருந்து தலைச்சுமையா இறங்கும். கடுக்காய் தோல் பதனிடுற ஊர்களுக்குப் போகும். அவங்க திரும்பி ஏறுறப்ப உப்பும் துணியும் எடுத்துக்கிட்டுப் போவாங்க.

ரோடு மேல ஏற ஏற முதல்ல வந்தது ஜீப். அப்புறம் லாரி. 2005ல டாடா ஏஸ் வந்துச்சு, நம்ம ஜனங்க அதுக்குக் குட்டி யானைன்னு பேரு வெச்சுட்டாங்க. அதைத் தொடர்ந்து பெரிய பிக்கப்புங்க. லாரி போகாத சந்துல பிக்கப் போகும். மலையில மரவள்ளி பெருகினதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். கிழங்கைப் பிடுங்கினா ரெண்டு மூணு நாளைக்குள்ள ஆத்தூர், சின்னசேலம் பக்கம் இருக்கிற சேகோ பேக்டரிக்குப் போய்ச் சேரணும், இல்லன்னா உள்ளுக்குள்ள நீலம் பாய்ஞ்சு கெட்டுடும். அங்க எடை மட்டும் போட மாட்டாங்க, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட்னு பார்த்துத்தான் காசு. தலைச்சுமையில இந்த வியாபாரம் நடக்காது.

இப்பவும் எல்லா ஊருக்கும் நல்ல ரோடு இருக்குன்னு நினைச்சுடாதீங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச் சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்களே, அதுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாவே முன்வந்து கல்வராயன் மலை மக்களுக்கு என்ன வசதி இருக்குன்னு வழக்கு எடுத்து விசாரிச்சுது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அதுல பேச்சாச்சு. பாலம் இல்லாத ஓடைங்க இன்னும் இருக்கு. மழைக்காலத்துல அதுல வண்டியை இறக்கித்தான் ஏத்தணும்.

நான் மாட்டினது அந்த ஓடையிலதான். 2021 ஐப்பசி, நல்ல மழை. வெள்ளிமலைக்கு உள்ள ஒரு ஊருக்கு உரமூட்டை ஏத்திக்கிட்டுப் போனேன். மலை ஏறி வந்த வண்டி, ஹவுசிங் கை வைக்க முடியாத சூடு. அப்படியே ஓடையில இறக்கினேன், தண்ணி ஹவுசிங்கை முழுக்க மூடுச்சு. சூடா இருக்கிற சொம்பைத் தண்ணியில கவுத்தா என்ன ஆகும்? உள்ள இருக்கிற காத்து சுருங்கும், தண்ணியை உள்ளே இழுக்கும். அப்படி இழுக்காம இருக்கத்தான் ஹவுசிங் தலையில பிரீதர்னு ஒரு சின்ன மூக்கு வெச்சிருக்கான். என் வண்டியில அது சேறு அடைச்சுக் கிடந்துச்சு. அதனால சாப்ட் சீல் வழியா உள்ள இழுத்துச்சு. இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது. வண்டி ஓடுச்சு, நானும் ஓட்டினேன்.

மார்கழியில பின்னாடி ஊஊன்னு ஒரு சத்தம். ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஒரு மாதிரி, காலை எடுத்தா வேற மாதிரி. மெக்கானிக் தம்பி, "அண்ணே, கிரவுன் ஆயிலை இறக்கிப் பார்த்துடலாம்"னான். கிழங்கு சீசன், தினம் நடை. "பொங்கல் போகட்டும்டா"ன்னுட்டேன். ஆயிலுக்கு ஆன செலவு ஆயிரத்துக்குள்ளதான், காசுக்காக இல்ல, ஒரு நாள் வண்டி நிக்குமேன்னு. மாட்டு வண்டி அழுதா அப்பா உடனே இறங்கினாரு. இது அழுதப்ப நான் ரேடியோ சத்தத்தை ஏத்தி வெச்சேன்.

தை மாசம் ரெண்டாவது வாரம், கரியாலூர்ப் பக்கத்துல ஒரு அண்ணனோட கிழங்கு. மலைக்காரரு, என்னைவிட மூத்தவரு. அந்த வருஷம் அவரு மகளுக்குக் கல்யாணம் பேசி வெச்சிருந்தாங்க, அந்த லோடுதான் முன்பணம். மலை இறங்கியாச்சு, கோமுகி அணை தாண்டியாச்சு, மோசமான இடமெல்லாம் போச்சுன்னு மூச்சு விட்டேன். சமதரையில ஒரு சின்ன ஏத்தம். கடகடன்னு ரெண்டு தடவை, அப்புறம் ஒரு இடி. இன்ஜின் ஓடுது, சாப்ட் மாட்டிக்கிச்சு, சக்கரம் அசையல. திறந்து பார்த்தப்ப உள்ள ஆயில் இல்ல, மோரு இருந்துச்சு. அந்த மோருக்குள்ள பினியன் பல்லு மூணு. மலை வளைவுல இது நடந்திருந்தா இந்தக் கட்டுரையை வேற யாராவது எழுதியிருக்கணும்.

சீசன் நேரம், வேற வண்டி உடனே கிடைக்கல. கிழங்கு ரெண்டு ராத்திரி ரோட்டோரம் வெயில்லயும் பனியிலயும் கிடந்துச்சு. மூணாம் நாள் பேக்டரியில 28 பாயிண்ட் பேச வேண்டிய கிழங்குக்கு 23 சொன்னாங்க. கொஞ்சம் மூட்டையைத் தொடவே இல்ல, தள்ளிட்டாங்க. கிரவுன் பினியனுக்கும் பேரிங்குக்கும் எனக்கு ஆனது 22,000 ரூபாய். அது என் திமிருக்கு. அவருக்கு ஆன நட்டத்துக்கு அவரு என்ன பண்ணினாரு? வாடகை வேண்டாம்னு சொன்னேன், குறையுற பணத்தையும் தர்றேன்னு சொன்னேன். "வண்டி உடைஞ்சா நீ என்ன பண்ணுவ தம்பி"ன்னு வாடகைப் பணத்தை என் சட்டைப் பையில வெச்சுட்டுப் போயிட்டாரு. ஆயில் பார்க்கச் சொல்லியும் நான் பார்க்கலங்கிறதை அன்னைக்கு அவர்கிட்ட சொல்ல வாய் வரல.

இப்ப நான் எப்படிச் செய்யுறேன்னு சொல்லிடுறேன், பின்சக்கர வண்டி வெச்சிருக்கிறவங்களுக்குப் பயன்படும். கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கணும், அப்பத்தான் அடியில நிக்கிற அழுக்கு சேர்ந்து இறங்கும். வண்டி சமமா நிக்கணும், சக்கரத்துக்குக் கல் வைங்க. முதல்ல மேல் போல்ட்டைத் திறங்க, அதாவது ஆயில் ஊத்துற போல்ட். எல்லாரும் கீழ்ப் போல்ட்டைத்தான் முதல்ல கழட்டுவாங்க. ஆயில் எல்லாம் இறங்கின பிறகு மேல் போல்ட் துருப்பிடிச்சுத் திறக்கலன்னா வண்டி நின்ன இடத்துலயே நிக்கணும். கீழ்ப் போல்ட்டு நுனியில காந்தம் இருந்தா அதைத் துடைச்சுப் பாருங்க. மை மாதிரி சாம்பல் கலர் பசை ஒட்டியிருந்தா பயமில்ல, தேய்மானம்தான். சில்லு சில்லா கையில குத்துச்சுன்னா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. ஆயில் வெளுத்திருந்தா தண்ணி.

புது ஆயில் டப்பாவுல ஜிஎல்-5னு போட்டிருக்கான்னு பார்க்கணும், நம்பர் வண்டியோட புத்தகத்துல இருக்கும். கடையில நைன்ட்டின்னு கேட்டா குடுப்பாங்க. 90ன்னதும் இன்ஜின் ஆயில் 40ஐவிட ரெண்டு மடங்கு கெட்டின்னு நினைச்சுக்காதீங்க, ரெண்டும் வேற வேற அளவுகோல், கெட்டியில கிட்டத்தட்ட பக்கத்துல பக்கத்துலதான் வரும். மேல் ஓட்டையில வழியுற வரைக்கும் ஊத்தி, வழிஞ்சது நின்னதும் மூடணும். கடைசியா பிரீதரைக் கழட்டி வாயால ஊதிப் பாருங்க. புத்தகத்துல எத்தனை கிலோமீட்டர் போட்டிருந்தாலும், ஹவுசிங் முழுகுற தண்ணியில இறங்கினா நான் அந்த வாரமே திறந்து பார்த்துடுவேன். பழைய ஆயிலை ஓடையில ஊத்தாதீங்க. நான் கேன்ல பிடிச்சு மெக்கானிக்கிட்ட குடுத்துடுறேன்.

தங்கச்சி மகன் டார்ச் பிடிச்சான். இறங்கின ஆயில் நல்ல கருப்பு, தண்ணி இல்ல. காந்தத்துல இருந்த பசையை அவன் விரல்ல தொட்டு ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பார்த்தான். சோப்புப் போட்டும் போகலன்னு அவங்கம்மாகிட்ட திட்டு வாங்கினான்.

அடுத்த வாரம் கரியாலூருக்குப் போறேன். அந்த அண்ணனோட கிழங்குதான். இந்தத் தடவை மகளோட குழந்தைக்கு மொட்டை, அதுக்கு முன்பணமாம். ஆயில் மாத்தியாச்சுன்னு போன்ல சொன்னேன். "எந்த ஆயில் தம்பி?"ன்னாரு. நேர்ல வந்து சொல்றேன்னேன். அன்னைக்கு வாய் வராததையும் சேர்த்துத்தான் சொல்லணும்.